வெசூவியஸ்காரர்கள் என்ன முட்டாள்களா?

எரிமலை பற்றி எந்த ஆவணப்படம் பார்த்தாலும் ஒரு காட்சி தவறாமல் வரும். முதலில் பாம்பெய் நகரத்துச் சாம்பல் உருவங்கள். அடுத்து வானத்திலிருந்து வெசூவியஸ் மலை, அதன் காலடியில் தீப்பெட்டி அடுக்கின மாதிரி வீடுகள். அப்புறம் ஒரு திராட்சைத் தோட்டம், அதில் தொப்பி போட்ட ஒரு பெரியவர் குனிந்து மண்ணைக் கொத்திக்கொண்டிருப்பார். பின்னணிக் குரல் கனத்த தொனியில் கேட்கும்: "இவ்வளவு தெரிந்தும் இவர்கள் ஏன் இங்கேயே இருக்கிறார்கள்?" பெரியவருக்குப் பதில் சொல்ல அரை நிமிஷம்கூடத் தரமாட்டார்கள். அவரும் சிரித்துக்கொண்டே தோளைக் குலுக்குவார். விளம்பர இடைவேளை.

போன செமஸ்டரில் ரிஸ்க் மேனேஜ்மென்ட் பாடத்திலும் இதே மலை வந்தது. "பகுத்தறிவற்ற முடிவு" என்று தலைப்புப் போட்ட ஸ்லைடில் உதாரணமாக. வகுப்பே சிரித்தது. "சரக்குக்காக உசுர விடறானுங்க" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வேறு. எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. மூணு வருஷமாக லாப நஷ்டக் கணக்கு படிக்கிற கூட்டம், ஒரு திராட்சை விவசாயியின் கணக்கைப் போட்டுப் பார்க்காமலேயே அவனுக்கு முட்டாள் பட்டம் கொடுத்துவிட்டதே என்று. அந்தக் கணக்கைத்தான் இங்கே போடப்போகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மண். வெசூவியஸின் உயரம் சுமார் 1,281 மீட்டர், நம்ம ஊட்டியை விடக் குட்டை. ஆனால் அது ஆயிரக்கணக்கான வருஷமாகத் துப்பிப்போட்ட சாம்பலும் நுரைக்கல்லும் சேர்ந்த மண் சாதாரண மண் இல்லை. பொட்டாசியம் நிறைந்தது, மணல் மாதிரி உதிரியானது, தண்ணீர் தேங்காது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஃபில்லாக்ஸெரா என்ற பேன் சைஸ் பூச்சி அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குள் புகுந்து, வேரைத் தின்று திராட்சைத் தோட்டங்களைச் சூறையாடியது. கடைசியில் அமெரிக்க வேர்மேல் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டித்தான் அந்தத் தொழிலையே காப்பாற்றினார்கள். இன்றைக்கும் உலகத்தில் பெரும்பாலான ஒயின் திராட்சை ஒட்டுச்செடிதான். ஆனால் இந்த உதிரி எரிமலை மணலில் அந்தப் பூச்சியால் குடும்பம் நடத்த முடியாது. அதனால் வெசூவியஸ் சரிவில் இன்றும் சொந்த வேரிலேயே நிற்கிற கொடிகள் உண்டு. ஒரு கொடி போய்விட்டால் பக்கத்துக் கொடியின் கிளையை வளைத்து மண்ணுக்குள் புதைப்பார்கள், அவ்வளவுதான். நம்ம வீட்டு மல்லிகைக்குப் பதியம் போடுகிறோமே, அதே வேலை. பந்தல் போட்டு வளர்க்கிற முறையும் அங்கே உண்டு. கம்பம் பக்கம் போனவர்களுக்குப் படம் மனசில் வந்துவிடும்.

அங்கே விளைகிற வகைகள் பியேதிரோஸ்ஸோ, அல்யானிகோ, கப்ரெட்டோனே, கோதா தி வோல்பே என்று பெயர்களே வாய்க்குள் நுழையாதவை. பியேதிரோஸ்ஸோ என்றால் 'சிவப்புக் கால்'. பழக்காம்பு புறாக்கால் மாதிரி சிவந்திருக்குமாம். இவற்றிலிருந்து வரும் ஒயினுக்கு லாக்ரிமா கிறிஸ்டி, அதாவது கிறிஸ்துவின் கண்ணீர் என்று பெயர். சாத்தான் சொர்க்கத்தில் ஒரு துண்டைத் திருடிக்கொண்டு வந்து இங்கே போட்டான், அதைப் பார்த்து கிறிஸ்து அழுதார், கண்ணீர் விழுந்த இடத்தில் கொடி முளைத்தது என்று கதை. 1983-லிருந்து இந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. அந்த மலையைச் சுற்றியுள்ள குறிப்பிட்ட ஊர்களில் விளைந்த திராட்சைக்கு மட்டும்தான் பாட்டிலில் இந்தப் பெயரைப் போடலாம்.

இங்கேதான் பி.காம். மாணவர்கள் கவனிக்க வேண்டும். அந்த விவசாயியின் சொத்து எது? நிலமா, கொடியா, பெயரா? மூன்றுமேதான். அதில் ஒன்றைக்கூட லாரியில் ஏற்ற முடியாது. இருபது கிலோமீட்டர் தள்ளிப் போனால் மண் வேறு, ஒட்டுக்கட்ட வேண்டும், புதுக்கொடி ஒழுங்காய்க் காய்க்க மூணு வருஷமாவது ஆகும், நல்ல ஒயின் தர இன்னும் பல வருஷம். அதற்கப்புறமும் அந்தப் பெயரைப் போட முடியாது. குட்வில் என்று முதல் வருஷத்திலிருந்து மனப்பாடம் செய்கிறோமே, இடத்தோடு ஒட்டிப் பிறந்த குட்வில் இது. இடம் போனால் மதிப்பு பூஜ்யம். 'ஏன் இன்னும் இங்கேயே இருக்கிறாய்' என்று கேட்பவர்கள் 'உன் முழு முதலையும் ரைட் ஆஃப் செய்' என்று சொல்கிறோம் என்பதைத் தெரிந்து சொல்ல வேண்டும்.

"உயிரைவிட முதல் பெரிசா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இந்த மலை விளையாட்டுப் பொருள் என்று நான் சொல்லவே இல்லை. கி.பி. 79-ல் பாம்பெயும் ஹெர்குலேனியமும் போனது குழந்தைக்குக்கூடத் தெரியும். 1631-ல் ஆயிரக்கணக்கானவர்கள் செத்தார்கள். மறுவருஷமே ஸ்பானிய ஆளுநர் போர்டிச்சியில் ஒரு கல்வெட்டு வைத்தார்: வருங்காலத்து மக்களே, மலை முணுமுணுத்தால் சாமான் சட்டியைப் பார்க்காமல் ஓடிவிடுங்கள் என்கிற அர்த்தத்தில். 1794-ல் தோர்ரே தெல் கிரெகோ ஊருக்குள்ளேயே லாவா புகுந்து கடல்வரை போனது. பவள வேலைக்குப் பேர்போன அந்த ஊரை அதே லாவா மேலேயே திரும்பக் கட்டினார்கள். 1906-ல் மறுபடி. கடைசியாக 1944 மார்ச்சில், உலகப்போரின் நடுவில். சான் செபாஸ்தியானோ, மஸ்ஸா என்று இரண்டு ஊர்களை லாவா விழுங்கியது. பக்கத்து விமானத்தளத்தில் நின்ற சுமார் எண்பது அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் சாம்பலில் வீணாயின. ஜெர்மன்காரனாலேயே முடியாததை மலை ஒரே வாரத்தில் செய்துவிட்டது!

இதில் ஒரு விஷயம் பாருங்கள். 1631-லிருந்து 1944 வரை அந்த மலை அடிக்கடி வெடித்துக்கொண்டே இருந்தது. புகை எப்போதும் தெரியும். அந்தக் காலத்துப் பயணிகள் வரைந்த படத்தில் எல்லாம் மலை உச்சியில் ஒரு புகைக்குடுமி இருக்கும். திராட்சைக்காரனுக்கு மலை எதிரே பேசிக்கொண்டிருந்தது. 1944-க்குப் பிறகு அது வாயை மூடிக்கொண்டது. 1631-க்கு அப்புறம் இவ்வளவு நீண்ட மௌனம் இருந்ததில்லை. ஜனங்கள் குவிந்ததும், அடுக்குமாடிகள் எழும்பியதும் இந்த மௌனத்தில்தான். இன்றைக்குப் பிரச்சனையே அந்தக் கூட்டம்தான். சிவப்பு மண்டலம் என்று அரசு குறித்திருக்கும் 25 ஊராட்சிப் பகுதிகளில் ஆறரை லட்சத்துக்கு மேல் மக்கள். போர்டிச்சி என்கிற ஒரே ஊரில் நாலரைச் சதுர கிலோமீட்டரில் சுமார் ஐம்பதாயிரம் பேர்.

இந்த ஐம்பதாயிரம் பேரைத் திராட்சைத் தோட்டமா கூட்டிக்கொண்டு வந்தது?

இல்லவே இல்லை. தோட்டம் இருக்கிற இடத்தில் மாடிவீடு இருக்காது. ஒரு ஏக்கர் திராட்சை என்றால் ஒரு குடும்பம், ஒரு ஷெட், கொஞ்சம் கூலியாட்கள். அதே ஏக்கரில் அடுக்குமாடி எழுந்தால் நூற்றுக்கணக்கான உயிர்கள். வெசூவியஸைப் பொறுத்தவரை திராட்சைக்கொடிதான் மிக மலிவான பேரிடர் தடுப்புச் சுவர். அரசுக்கு ஒரு பைசா செலவில்லாமல் நிலத்தைக் காலியாக வைத்திருக்கிற காவல்காரன் அந்தத் தொப்பிப் பெரியவர். அவரைப் பிடித்து முட்டாள் என்கிறோம். தோட்டத்தை விற்றுவிட்டு ஃபிளாட் கட்டினவனைப் பற்றி எந்த ஆவணப்படமும் மூச்சுவிடவில்லை.

கட்டினவனுக்குத் தைரியம் கொடுத்தது யார்? இத்தாலியில் கொன்டோனோ என்று ஒன்று உண்டு. அனுமதி இல்லாமல் கட்டிய கட்டடத்துக்குக் காசு கட்டினால் சட்டப்படி ஆக்கிவிடும் மன்னிப்பு. நம்ம ஊரில் 'வரன்முறைப்படுத்துதல்' என்று சொல்கிறோமே, அதன் அண்ணன். 1985-ல் ஒன்று, 1994-ல் ஒன்று, 2003-ல் ஒன்று. மூணு தடவை! மாரல் ஹசார்ட் என்றால் என்ன என்று பரீட்சையில் கேட்டால் வேறு உதாரணமே வேண்டாம். இன்றைக்குத் திருட்டுத்தனமாய்க் கட்டு, பத்து வருஷத்தில் மன்னிப்பு வரும் என்று அரசே கற்றுக்கொடுக்கிறது.

அந்த 2003-லேயே இன்னொரு கூத்து. அதே வருஷம் கம்பானியா மாநில அரசு 'வெசூவியா' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. சிவப்பு மண்டலத்தை விட்டு வெளியேறும் குடும்பத்துக்கு 30,000 யூரோ வரை உதவி. மண்டலத்துக்குள் புதிதாக வீடு கட்டவும் தடை போட்டார்கள். தடை நல்ல விஷயம், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு பக்கம் மாநில அரசு 'வெளியே போ, காசு தர்றேன்' என்கிறது, அதே நேரம் ரோமில் மத்திய அரசு 'கட்டினது கட்டினதுதான், காசைக் கட்டு' என்கிறது. ஜனங்கள் எதை நம்புவார்கள்? அதிலும் முப்பதாயிரம் யூரோவில் நேப்பிள்ஸைச் சுற்றி வீடு வாங்க முடியாது, முன்பணம் வேண்டுமானால் கொடுக்கலாம். வேலை, ஸ்கூல், கடை, சொந்தபந்தம் இதற்கெல்லாம் அந்தத் தொகையில் ஒரு வரிகூடக் கிடையாது. பெரும்பாலானவர்கள் போகவில்லை. 'பார்த்தீர்களா, பிடிவாதக்காரர்கள்' என்றார்கள். அடிமாட்டு விலை சொல்லிவிட்டு, விற்கவில்லை என்றால் விவசாயி பிடிவாதக்காரனா?

'வெளியே போ' என்பதன் அனுபவமும் அந்த மக்களுக்கு உண்டு. நேப்பிள்ஸின் மேற்குப் பக்கம் இன்னொரு எரிமலை இருக்கிறது, காம்பி ஃப்ளெக்ரே. கோபுரம் மாதிரி நிற்காது, ஒரு பெரிய பள்ளம். (அங்கேயும் ஒயின் உண்டு, சொல்ல மறந்துவிட்டேன்.) தரை மூச்சு விடுகிற மாதிரி உயர்ந்து தாழும். 1970 மார்ச் 2-ஆம் தேதி, அங்கே போசுவோலி ஊரின் பழைய பகுதியான ரியோனே தெர்ராவிலிருந்து சுமார் மூவாயிரம் பேரை ராணுவமும் போலீசும் வந்து வெளியேற்றின. கடலோர மீனவர்களும் ஏழைகளும்தான் அதில் பெரும்பாலானவர்கள். தற்காலிகம் என்று நினைத்துக் கிளம்பினார்கள். திரும்பக் குடியேறவே இல்லை. ஊருக்கு வெளியே தொயானோ என்கிற குடியிருப்பில் வைத்தார்கள். ரியோனே தெர்ராவை இன்று அழகாய்ப் புதுப்பித்திருக்கிறார்கள், டிக்கெட் வாங்கிக்கொண்டு நிலத்தடி ரோமானியத் தெருக்களைப் பார்க்கலாம். அன்றைக்குக் கிளம்பியிருக்காவிட்டால் உயிர்ப்பலி ஆகியிருக்குமா என்பது வேறு விவாதம். ஆனால் ஆபத்து என்று சொல்லிக் காலி செய்யப்பட்ட இடத்தில் கடைசியில் யார் நடமாடுகிறார்கள் என்று வெசூவியஸ்காரன் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறான். 2004 சுனாமிக்குப் பிறகு நம்ம கடற்கரையில் மீனவர்களைத் தள்ளிப்போகச் சொன்னபோது அவர்கள் கேட்டதும் இதே கேள்விதான்.

இன்னும் ஒன்று இருக்கிறது, இதைப் படித்தபோதுதான் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. 1995-லிருந்து வெசூவியஸ் ஒரு தேசியப் பூங்கா. அங்கே தெர்சீன்யோ என்று ஒரு ஊர், ஒயின் ஊர். நேப்பிள்ஸின் குப்பைப் பிரச்சனை முற்றியபோது அரசு இடம் தேடியது. கிடைத்த இடம் எது தெரியுமா? தேசியப் பூங்காவுக்குள், தெர்சீன்யோவின் பழைய கல்குவாரி. 2009-லிருந்து அங்கே குப்பை கொட்டினார்கள். பக்கத்திலேயே இரண்டாவது குவாரியையும் திறக்கப்போகிறோம் என்றதும் 2010 அக்டோபரில் ஊரே தெருவுக்கு வந்தது. சாலை மறியல், குப்பை லாரிகளுக்குத் தீ, போலீஸ் தடியடி. கடைசியில் இரண்டாவது குவாரித் திட்டம் கைவிடப்பட்டது. அந்த மக்கள் நின்று சண்டை போட்டதால்தான் அது நின்றது. அவர்கள் எல்லாரும் 'புத்திசாலித்தனமாக' முன்னாடியே காலி செய்திருந்தால்? மலை முழுக்கக் குப்பைமேடாகியிருக்கும், கேட்க ஒரு நாதி இருந்திருக்காது. குடியிருக்க ஆபத்தான இடம், ஆனால் முப்பது லட்சம் பேரின் குப்பைக்கு மட்டும் தோதான இடமா?

ஆஸ்பத்திரி கதையும் கேளுங்கள். 1980 நிலநடுக்கத்துக்குப் பிறகு நேப்பிள்ஸின் கிழக்குப் புறநகரான பொந்திச்செல்லியில் நிறைய அரசுக் குடியிருப்புகள் எழுந்தன. அப்புறம் அதே பொந்திச்செல்லியில் ஒஸ்பெதாலே தெல் மாரே என்கிற பிரம்மாண்டமான மருத்துவமனை. எரிமலை வாயிலிருந்து பத்து கிலோமீட்டருக்கும் குறைவு. 2013-ல் சிவப்பு மண்டலத்தை விரித்தபோது பொந்திச்செல்லியும் அதற்குள் வந்துவிட்டது, அதற்குப் பிறகுதான் மருத்துவமனையே திறந்தது. மலை பொங்கினால் முதலில் காலி செய்ய வேண்டிய பட்டியலில் நகரத்தின் பெரிய ஆஸ்பத்திரி. திராட்சைக்காரன் முட்டாள் என்றால் இதற்குக் கையெழுத்துப் போட்டவர்களுக்கு என்ன பட்டம் தரலாம், நீங்களே சொல்லுங்கள்.

இன்னொரு கோஷ்டியையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஒயின் பத்திரிகைக்காரர்கள். இவர்கள் விவசாயியை முட்டாள் என்று சொல்லமாட்டார்கள், மாவீரன் என்பார்கள். நெருப்பில் பூத்த கொடி, மரணத்தின் மடியில் ருசி, இந்த ரகம். பாம்பெயில் கிடைத்த சுவரோவியத்தில் உடம்பெல்லாம் திராட்சையாய் பாக்கஸ் நிற்பதையும், பக்கத்தில் கொடிகள் மூடிய வெசூவியஸையும் படம் போட்டு விலையை ஏற்றுவார்கள். (கி.மு. 73-ல் ஸ்பார்டகஸ் இந்த மலையில் சிக்கியபோது காட்டுத் திராட்சைக் கொடியில் ஏணி பின்னித்தான் இறங்கித் தப்பித்தான். அதற்கு ஏன் ஒரு லேபிள் இல்லையோ!) இவர்களும் அதே தப்பைத்தான் செய்கிறார்கள். அந்த மனிதர் வீரத்துக்காக அங்கே நிற்கவில்லை. பங்குனியில் உரம் வைக்கிற நம்ம ஊர் விவசாயி மாதிரி, கையில் இருக்கிற நிலத்தில் தெரிந்த தொழிலைச் செய்கிறார். திராட்சையோடு தக்காளி போடுகிறார், கொத்துக்கொத்தாய்க் கட்டித் தொங்கவிட்டு குளிர்காலம் முழுக்க வைத்திருக்கிற பியென்னோலோ தக்காளி. வாதுமைப் பழம் அதாவது ஆப்ரிகாட் விற்கிறார். அவருக்கு வேண்டியது கைதட்டல் இல்லை, பத்திரமாய் வெளியேற ஒரு வழி, போனபிறகு திரும்பிவர ஒரு உத்தரவாதம்.

அந்த வழி எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். திட்டப்படி எச்சரிக்கை வந்ததும் 72 மணி நேரம். முதல் 12 மணி ஏற்பாட்டுக்கு, 48 மணி வெளியேற, மிச்சம் 12 மணி கையிருப்பு. ஒவ்வொரு ஊருக்கும் இத்தாலியின் ஒரு மாநிலத்தை ஜோடி சேர்த்திருக்கிறார்கள். பாம்பெய்காரர்கள் சார்டினியாவுக்கு, தோர்ரே தெல் கிரெகோகாரர்கள் சிசிலிக்கு. (சிசிலியில் எட்னா இருக்கிறது. எரிமலையிலிருந்து தப்பிக்க எரிமலைத் தீவு, ஹி ஹி.) 1841-ல் தொடங்கிய வெசூவியஸ் ஆய்வகம் உலகத்திலேயே பழமையான எரிமலை ஆய்வகம். அவர்கள் இரவுபகலாய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அந்த விஞ்ஞானிகள்மேல் எனக்கு ஒரு புகாரும் இல்லை. அவர்கள் 'கிளம்பு' என்றால் கிளம்பத்தான் வேண்டும், கொடியாவது மண்ணாவது. ஆனால் அந்த மலையைச் சுற்றி ஓடும் சிர்கும்வெசூவியானா ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். லெகாம்பியென்தே என்கிற சுற்றுச்சூழல் அமைப்பு தன் அறிக்கைகளில் இத்தாலியின் மோசமான பயணிகள் ரயில் பாதைகள் பட்டியலில் இதைத் திரும்பத் திரும்பச் சேர்த்திருக்கிறது. சாதாரணத் திங்கட்கிழமை காலையில் ஆபீசுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கவே திணறுகிற பாதை. முப்பதாயிரம் யூரோவைக் குடும்பம் குடும்பமாய்க் கொடுப்பதற்குப் பதில் ரயிலுக்கும் சாலைக்கும் கொடுத்திருந்தால், இருக்கிறவன், போகிறவன் இரண்டு பேருக்கும் பயன்பட்டிருக்கும்.

கடைசியாக இன்ஷூரன்ஸ், நம்ம டிபார்ட்மென்ட் சமாச்சாரம். இத்தாலி 2023 டிசம்பரில் ஒரு சட்டம் போட்டது. தொழில் நிறுவனங்கள் எல்லாம் பேரிடர் காப்பீடு கட்டாயம் எடுக்க வேண்டும் என்று. 2025-லிருந்து படிப்படியாக அமலுக்கு வந்தது. எந்தெந்தப் பேரிடர் என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள்: நிலநடுக்கம், வெள்ளம், நிலச்சரிவு, நீர் புகுதல், ஆறு கரை உடைத்தல். எரிமலை அந்தப் பட்டியலில் இல்லை. ஐரோப்பாவிலேயே இவ்வளவு பேர் எரிமலைக்குக் கீழே வாழ்கிற நாட்டில்! விவசாய நிறுவனங்களுக்கு அந்தக் கட்டாயமும் கிடையாது, அவர்களுக்கு வேறு நிதி. ஆக, ரிஸ்க்கை விலை போட்டுப் பங்கிட வேண்டிய அரசு அதை விலைப்பட்டியலிலேயே சேர்க்கவில்லை. மலையடிவாரத்தில் அந்த ரிஸ்க்குக்கு விலை கொடுப்பவன் ஒருத்தன்தான். தோட்டத்தை வீடு கட்ட விற்காமல், ஃபிளாட் வாடகையைவிடக் குறைந்த வருமானத்துக்கு வருஷா வருஷம் கொடியைக் கவாத்து பண்ணிக்கொண்டிருக்கிறானே, அவன். அவன் இழக்கிற அந்த வாடகைக்கு நம்ம பாடப்புத்தகத்தில் ஆப்பர்ச்சூனிட்டி காஸ்ட் என்று பெயர்.